சாகாத கறுப்புப் பெட்டை

கோழிகளுக்கு வைரஸ் நோய் வராதபடி அவற்றின் மரபணுவைத் திருத்தும் ஆய்வகம் ஒன்றில் எனக்கு வேலை. விடுப்பில் ரிஷிவந்தியத்தை அடுத்த எங்கள் ஊருக்கு வந்திருந்தபோது, ஒருநாள் காலையில் சேவல் கூவவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். கொல்லையில் அண்ணி அசையாமல் நின்றிருந்தார். அவர் வளர்த்த நாட்டுக்கோழிகள் கழுத்து திருகிக் கிடந்தன. கோழிகளைக் கூட்டமாய்க் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய்.

நடுவே ஒரு கறுப்புப் பெட்டை மட்டும் கம்பு தானியத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. செத்த கோழியின் இறக்கைமேல் ஏறி நின்று, அதன் அடியில் கிடந்த மணிகளைத் தேடியது.

“இது மட்டும் இன்னா சாவல? நீங்க பண்ற கோழி மாதிரியா?” என்றார் அண்ணி.

“இல்ல அண்ணி. அதுங்கள பொறக்கறதுக்கு முன்னாடியே மாத்திடுவோம். இது தானா தப்பிச்சிருக்கு.”

அப்படி ஒரு கோழி நிற்பதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஆய்வகத்தில் கிருமியைக் கொடுத்துப் பார்த்தபோது சாதாரணக் கோழிகள் ஒவ்வொன்றாய் விழ, திருத்தியவை மட்டும் தீனி தின்றுகொண்டு நின்றன. அன்று கைதட்டினோம். பிறகு கிருமியின் அளவைக் கூட்டியபோது, திருத்திய கோழி ஒன்றின் தொண்டையில் கிருமி இருந்தது. கோழிக்கோ ஒரு குறையும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தெளிவான கண்ணால் என்னையே பார்த்தது. தனக்கு ஒன்றும் ஆகாமலே மற்றக் கோழிகளுக்கு நோயைப் பரப்ப அதனால் முடியும்.

இதை அண்ணியிடம் சொல்லியிருக்க வேண்டும். மிஞ்சிய ஒன்றைப் பற்றியும் பயம் காட்ட மனம் வரவில்லை. மறுநாள் நான் மணலூர்பேட்டை போய்த் திரும்புவதற்குள், இரண்டு வீடு தள்ளியிருக்கும் அக்கா அதை வாங்கிப் போயிருந்தார்.

“சாவாத கோழியாச்சே, அடை வெக்கணும்னு கேட்டுச்சு. குடுத்துட்டேன்” என்றார் அண்ணி.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த நாளை ஒரு வாரமாயிற்று.

நான் அக்கா வீட்டுக்குப் போனபோது கொல்லையில் சத்தமே இல்லை. அந்த அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். “எல்லாம் போச்சும்மா. உங்க வூட்டுது மட்டும் நல்லாத்தான் கீது.”

பெட்டை முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது.

“அதுதான் நோவக் கொண்டாந்திருக்கும்க்கா. எனக்குத் தெரியும். சொல்லாம வுட்டுட்டேன்.”

நோயைக் காகம் கொண்டுவந்ததோ, செருப்பில் ஒட்டிய மண்ணோ, உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தச் சாக்கை நான் அவரிடம் சொல்லவில்லை.

அவர் பெட்டையைப் பார்த்தார். “ஒண்ணுமே ஆவாததுக்குள்ள எப்டிம்மா நோவு இருக்கும்?” என்றவர், சட்டென்று எழுந்து அதன்மேல் கூடையைக் கவிழ்த்தார். “எடுத்துக்கினு போய்டு.”

சாக்கில் சுற்றி எடுத்து வந்தேன். திமிறவில்லை. கையில் அதன் சூடு மட்டும் ஏறியது.

மாதக்கணக்கில் அதைத் தனியே அடைத்து வைத்தோம். கொழுத்தது, முட்டையிட்டது. அந்த முட்டையை யாரும் தொடவில்லை. அடுத்த விடுப்பில் இரண்டு வீட்டுக்கும் புதுக் குஞ்சுகள் வாங்கி, ஒவ்வொன்றின் கண்ணிலும் தடுப்பு மருந்தை நானே விட்டேன். தன் பங்குக் குஞ்சுகளை வாங்க வந்த அக்கா, பெட்டையை அடைத்திருந்த கூடையின் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போனார்.