அண்ணி வீட்டுச் சுவரில் மெட்ராஸ்

எங்கள் அண்ணி ஹெப்சிபாவிடம் எந்தப் பேச்சை எடுத்தாலும் அது கடைசியில் மெட்ராஸில்தான் போய் நிற்கும். "இன்னா வெயிலு அண்ணி" என்று சும்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். "இதெல்லாம் ஒரு வெயிலா? மெட்ராஸ்ல அடிக்கும் பாரு" என்பாள். வெயிலுக்குக்கூட ஊர்ப்பெருமை பேசுகிற மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இட்லி, பஸ், கொசு, தெருவில் தண்ணீர் லாரி வந்து நிற்கும் அழகு, எதை எடுத்தாலும் மெட்ராஸ்தான் ஒரு படி மேல்.

அவள் பிறந்தது என்னவோ கண்ணமங்கலம். பத்தொன்பது வயதில் திருவல்லிக்கேணியில் ஒரு புத்தக பைண்டிங் கடைக்கு வேலைக்குப் போனாள். நான்கு வருடம் அங்கே லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். பிறகு என் அண்ணன் பவுல்துரையைக் கட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. கணக்குப்படி பார்த்தால் அவள் ஆரணிக்காரிதான். அதை அவளிடம் சொல்லிப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஆரணியிலும் சைதாப்பேட்டை என்று ஒரு பகுதி இருக்கிறது. அண்ணன் வீடும் என் வீடும் அங்கேதான். அண்ணி ரொம்பப் பேசினால் அண்ணன் பட்டுத் தறியிலிருந்தபடியே சொல்வார். "ஏன் பேஜார் பண்ற? உன்னைச் சைதாப்பேட்டையிலதானே வெச்சிகினு கீறேன்?" அண்ணி முறைப்பாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

அந்த நான்கு வருடத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த இடம் கடையும் இல்லை, கடற்கரையும் இல்லை, ஹாஸ்டலின் மொட்டை மாடி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து மாடியில் துணி காயப்போடுவாளாம். அந்தக் கதையை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். சொல்லும்போது கை சும்மா இருக்காது. இடது கையை நீட்டி, "இந்தாண்ட யுனிவர்சிட்டி" என்பாள். வலது கையை நீட்டி, "அந்தாண்ட கோடில லைட் ஹவுஸு. நடுவுல மூணாவது மாடி உசரத்துல நீலமா கடலு. அதுக்கு முன்னாடி என் தாவணி ஆடிகினு இருக்கும்" என்பாள். ஆண்கள் அந்த மாடிப் படியில் கால் வைக்கக்கூடாது என்பது ஹாஸ்டல் சட்டம். பெண் பார்த்து முடித்தபிறகு ஒரு நாள் அண்ணன் அவளைப் பார்க்கப் போனபோது, வார்டன் அம்மா அவரைக் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தே பேசி அனுப்பிவிட்டார். அந்தக் கதையை மட்டும் அண்ணன் சொல்வார், கொஞ்சம் கோபத்தோடு.

சில வருடங்களுக்கு முன்பு மெட்ராஸில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அண்ணி ஹாஸ்டல் இருந்த தெருவைத் தேடிப் போனாள். ஹாஸ்டலை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். திரும்பி வந்து இரண்டு நாள் மெட்ராஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீடே என்னவோ போல் இருந்தது. மூன்றாம் நாள் எங்கள் ஊர்ச் சாம்பாரை மெட்ராஸ் சாம்பாரோடு ஒப்பிட்டுக் குறை சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

வந்த நாளிலிருந்து அவள் இருந்த வீட்டுச் சுவரெல்லாம் மெட்ராஸ்தான். பழைய காலண்டர், பத்திரிகை, ஜவுளிக்கடைப் பை, எதில் அந்த ஊர்ப் படம் இருந்தாலும் கத்தரித்து ஒட்டிவிடுவாள். வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது என்பார்கள், அதனால் பசை. பைண்டிங் கடையில் கற்ற பசை அது, மைதாவில், பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியது. ஒட்டினால் ஒட்டியதுதான். வீடு மாறும்போது சென்ட்ரல் ஸ்டேஷனைப் பிய்த்தால் சுவர்ப் பூச்சும் சேர்ந்து வரும். ஒரு வீட்டுக்காரர், சுப்பராயலு, "ஏம்மா, நான் சுவரை வாடகைக்கு உட்டேனா, மெட்ராஸுக்கு எழுதிக் குடுத்தேனா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். கடைசியில் பிய்க்காமல் மேலேயே வெள்ளையடித்துவிட்டார், மற்ற வீட்டுக்காரர்களும் அப்படித்தான். இன்றைக்கும் ஆரணியில் மூன்று வீட்டுச் சுண்ணாம்புக்கு அடியில் மெட்ராஸ் இருக்கிறது.

அப்படி அவள் திட்டு வாங்கும்போதெல்லாம் அண்ணன் ஒன்றே ஒன்று சொல்வார். "சொந்த வீடு ஒண்ணு வரட்டும் ஹெப்சி. ஹால்ல ஒரு முழு சுவரு உன் மெட்ராஸுக்குத்தான்."

போன வருடம் அந்தச் சொந்த வீடு வந்தே விட்டது. ஹாலில் நுழைந்ததும் எதிரே பெரிய சுவர். பூச்சு காய்வதற்கு முன்பே ஆளாளுக்கு அதற்கு யோசனை சொன்னார்கள். அருவி படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றார்கள். டி.வி. மாட்டலாம் என்றார்கள். களம்பூர் பெரியப்பா பெரிய பைபிள் வசனப் பலகை கொண்டுவரப் போவதாகவே சொல்லிவிட்டார். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஆனால் அந்தச் சுவரில் ஒரு கடிகாரம்கூட மாட்ட விடவில்லை. என்ன மாட்டப் போகிறீர்கள் என்று அண்ணனைக் கேட்கவும் இல்லை. அண்ணன் கொடுத்த வாக்கு அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. பாவம், வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். அவளுக்கும் வீம்பு உண்டு.

அண்ணனுக்கு ஞாபகம் இருந்தது. அதை அவர் தன் வழியில் செய்ய நினைத்தார். கடையில் வாங்கி மாட்டுவதா, நான் எதுக்குத் தறியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று என்னிடம் கேட்டார். அண்ணியின் பீரோக் கதவின் உள்பக்கம் மெரினாவின் காலண்டர் படம் ஒன்று உண்டு. கடலிலிருந்து பார்ப்பது போல வரிசையாகக் கட்டிடங்கள். இடது கோடியில் கலங்கரை விளக்கம், வலது கோடியில் யுனிவர்சிட்டி. அண்ணியின் பசை என்பதால் படத்தைப் பிரித்து எடுக்க வழியில்லை. அவள் சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போன நேரத்தில், நான் வாசலில் காவல் நிற்க, அண்ணன் பீரோவைத் திறந்து செல்போனில் படம் எடுத்தார். தன் வீட்டிலேயே திருடப் போன மாதிரி பீரோவைச் சத்தம் வராமல் சாத்தினார்.

எங்கள் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற திருமலையிடம் படம் போயிற்று. "யானை போட்டுக்கீறேன், அன்னம் போட்டுக்கீறேன், கோபுரம் போட்டுக்கீறேன். ஒரு ஊரையே பார்டர்ல போடறது இதான் அண்ணா மொத தபா" என்று திருமலை உற்சாகமாகிவிட்டான். சேலைக்குப் பார்டர் ஓடுவது போலவே நகரம் ஓட வேண்டும். கீழே ஜரிகையில் கட்டிடங்கள், மேலே வெறும் நீலப் பட்டு. ஆள் படுக்கிற நீளம். பென்டிரைவில் மெட்ராஸை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

அண்ணிக்குச் சொன்னது வேறு கதை. மெட்ராஸ் கடை ஒன்றின் ஆர்டர், புது டிசைன், வெளியே தெரியக்கூடாது என்று தறியின் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டார். நெசவுக்கு நூலைக் குச்சியில் தாராகச் சுற்றித் தருவது எப்போதும் அண்ணியின் வேலை. ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்து நீல நூலைச் சுற்றிக்கொண்டே, "ஏங்க, இவ்ளோ அழுத்தமான நீலத்தை யாரு கட்டுவாங்க?" என்று கேட்டாள்.

"மெட்ராஸ்காரங்க கேட்டாங்க."

"அப்ப கரெக்டாதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சுற்றினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, புரையேறியது போல் இருமிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

புது வீட்டில் ஜெபம் பண்ணிக் குடிபுகும் பிரதிஷ்டைக்கு இரண்டு நாள் முன்பு துணி தறியிலிருந்து இறங்கியது. அண்ணி பாத்திரக் கடைக்குப் போயிருந்தாள். அண்ணன் அறுத்து, உதறி, துணியின் முகத்தை மேலே திருப்பிக் கட்டிலில் விரித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நீலத்துக்குக் கீழே பொன்னாக ஓர் ஊர். கோபுரக் குமிழ், மணிக்கூண்டு, வட்ட மாளிகை, எல்லாம் அச்சாக இருந்தன. ஆசையாக, அண்ணன் என் போனுக்கு அனுப்பியிருந்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படத்தில் கலங்கரை விளக்கம் இடது கோடியில். துணியில் அது வலது கோடியில்.

"அண்ணா, மெட்ராஸ் திரும்பிகினு கீது" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் தறியில் நெய்யும்போது துணியின் முகம் தரையைப் பார்த்திருக்கும், நெய்கிறவர் பார்ப்பது முதுகைத்தான். ஜரிகை சரியாக விழுகிறதா என்று அடியில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்ப்பார்கள். கண்ணாடியும் இடத்தை வலமாகக் காட்டும் இல்லையா, அதனால் மேலே பார்த்தாலும் அடியில் பார்த்தாலும் கலங்கரை விளக்கம் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. அறுத்துத் திருப்பிய பிறகுதான் ஊர் புரண்டது. திருமலை கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டியிருந்தால் முதலிலேயே சரியாகியிருக்கும். ஆனால் அவன் வாழ்க்கையில் யாரும் இடம் வலம் கேட்டதில்லை. சேலையில் யானை கிழக்கே போனால் என்ன, மேற்கே போனால் என்ன? கட்டுகிறவளுக்கும் தெரியாது, பார்க்கிறவளுக்கும் தெரியாது.

திருமலை பைக்கில் ஜல்தியாக வந்து சேர்ந்தான். தலையில் கை வைத்துக்கொண்டு, "துணியைத் திருப்பி மாட்டினா சரியாய்டும் அண்ணா" என்றான். திருப்பிப் பார்த்தோம். ஊர் சரியாக இருந்தது. ஆனால் முதுகுப் பக்கம் நூலெல்லாம் இழுபட்டுக் கிடந்தது, ஜரிகை மங்கி, யுனிவர்சிட்டி மேல் முடி முளைத்த மாதிரி இருந்தது.

"நெசவு செய்யறவன் வீட்டுல, நடுச் சுவத்துல, முதுகைக் காட்டிகினு தொங்கறதா?" என்றார் அண்ணன்.

"அண்ணி கண்டுபிடிக்க மாட்டாங்க, உடுங்க" என்றேன் நான்.

"அவளா? மெட்ராஸ்ல ஒரு கொசு இடம் மாறினாலும் அவ கண்டுபிடிச்சிடுவா." அவர் துணியை மறுபடி முகம் மேலே வரத் திருப்பிப் போட்டார். "எத்தினி வருஷமா ஒரு சுவரு கேட்டா. அதுல கொண்டாந்து தப்பான ஊரை மாட்டப் போறேன், அமலி."

மறுபடி நெய்ய நாள் இல்லை. கடைசியில் அழகான பக்கத்தையே வெளியே வைத்து ஃபிரேம் போட்டோம். தப்பை நானே சொல்லிவிடுவேன் என்றார் அண்ணன்.

பிரதிஷ்டை அன்று ஹால் நிறைய சொந்தக்காரர்கள். சுவரில் ஃபிரேம், அதன் மேல் வெள்ளை வேட்டி. பாஸ்டர் ஜெபம் பண்ணி முடித்தார். பெரியப்பா தன் வசனப் பலகைக்கு வாசல் நிலைக்கு மேல் இடம் கிடைத்ததில் பாதி திருப்தியோடு நின்றிருந்தார். அண்ணன் அண்ணியைக் கூப்பிட்டு, வேட்டியை இழுத்துவிட்டார்.

எல்லோரும் ஆகா என்றார்கள். அண்ணி மட்டும் ஓரடி முன்னால் வந்தாள். தான் சுற்றிய நீலத்தை அவள் அடையாளம் கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது. பிறகு அவள் கண் இடது கோடிக்குப் போயிற்று. அங்கிருந்து மெதுவாக வலது கோடிக்கு வந்தது. முகம் மாறியது.

அண்ணனால் தாங்க முடியவில்லை. கூட்டத்தைப் பார்க்காமல் கடகடவென்று சொல்லிவிட்டார். "ஹெப்சி, தப்பு நடந்துபோச்சு. தறியில கீழ்ப்பக்கம் மேல்பக்கம் மாறிடுச்சு. லைட் ஹவுஸு எந்தாண்ட இருக்கணுமோ அந்தாண்ட இல்ல. அடுத்த மாசமே வேற நெய்து..."

"சும்மா இருங்க" என்றாள் அண்ணி.

அவள் இடது கையை நீட்டினாள். அந்தப் பக்கம் யுனிவர்சிட்டி இருந்தது. வலது கையை நீட்டினாள். அந்தக் கோடியில் கலங்கரை விளக்கம். நடுவில், கட்டிடங்களுக்குப் பின்னால், நீலம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நூறு தடவை கேட்ட கதை, அந்த இரண்டு கையையும் நூறு தடவை பார்த்திருக்கிறேன், இந்த மர மண்டைக்கு உறைக்கவில்லை.

"எல்லாப் படத்தையும் பீச்சுல இருந்துகினே எடுக்கறாங்க" என்றாள் அண்ணி. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "இத்தினி வருஷத்துல ஒருத்தன் பின்பக்கமா, ஊருக்குள்ள நின்னு கடலைப் பாத்து ஒரு படம் எடுக்கலை. நான் எத்தினியோ ஒட்டிப் பாத்துட்டேன். எதுவும் என் ஊரா இல்ல. இதுதாங்க. இது எங்க ஹாஸ்டல் மாடி."

அண்ணனுக்கு இன்னும் புரியவில்லை. "அப்ப தப்பு இல்லையா?" என்று திருமலையைப் பார்த்துக் கேட்டார். திருமலை என்னைப் பார்த்தான். நான் யாரைப் பார்ப்பது?

அண்ணி அவர் கையைப் பிடித்துச் சுவருக்கு எதிரே, தனக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினாள். "இங்க நில்லுங்க. இதுதான் துணி காயப்போடற எடம். அந்தாண்ட கொஞ்சம் நகருங்க, கடலு மறைக்குது."

வார்டன் அம்மா கேட்டுக்கு வெளியே நிறுத்தி அனுப்பிய என் அண்ணன், இருபத்தாறு வருடம் கழித்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தலையைக் கையால் கோதிக்கொண்டு, அந்த மாடியில் போய் நின்றார்.