ஸூம் இல்லாத கெமராவும் என் மாமனாரும்

அந்தக் கெமராவைக் கையில் எடுத்தாலே பெரிய வெங்காய வாசம் அடிக்கும்.

குறை சொல்லவில்லை. அதை எனக்கு இரவல் தந்த கூட்டாளி நாவுல ஊர்க்காரன். வெங்காய மூட்டைகளோடு லொறியில் மாத்தளைச் சந்தைக்கு வருகிறவன். கெமராவும் அந்த மூட்டைகளோடுதான் வந்தது.

நான் அவனிடம் கேட்டது என்னவோ ஸூம் கெமரா. அதற்குக் காரணம் இருந்தது...

நானும் என் மனைவியும் வீட்டாரைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவளுடைய அப்பா தேயிலைத் தோட்ட ஆபீஸில் பெரிய கிளாக்கராக இருந்தவர். நானோ பள்ளிக்கூடத்தில் ஓ.எல். கணக்குப் பரீட்சைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கப் போனவன். மாமா பேச்சை நிறுத்திவிட்டார். என்னோடு மட்டுமல்ல, பெற்ற மகளோடும்.

அப்படி இருக்கும்போதுதான் மனைவியின் தங்கைக்கு உக்குவளையில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மாமியார் மாமாவுக்குத் தெரியாமல் எங்களுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்.

மனைவிக்கு ஒரே ஆசை. தங்கச்சி கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டும். அதை ஒரு போட்டோவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

"ஆனா அப்பா கண்ணுல பட்டுடக் கூடாதுங்க. கடைசியில நின்னுக்கிட்டே எடுத்திடுங்க" என்றாள்.

கடைசியில் நின்று மணவறையைப் பிடிக்க ஸூம் வேண்டுமே. அதுதான் கேட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் கூட்டாளி சாக்குக்குள் கைவிட்டு எடுத்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு டிஜிட்டல் கெமரா. லென்ஸ் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது. ஸூம் என்றால் லென்ஸ் வெளியே வரும் என்பது எனக்குத் தெரிந்த விஞ்ஞானம். பிடித்து இழுத்தேன்.

"டேய்! உடைச்சிடாத மச்சான்! அது வராது. இதுல ஸூமே இல்ல."

"அப்ப தூரத்துல இருக்கிறத எப்படிடா எடுக்கிறது?"

"நடந்து போய் எடு. கால் இருக்குதானே?"

அவனுக்கென்ன... சொல்லிவிட்டு லொறியில் ஏறிவிட்டான்.

மண்டபத்தில் கடைசித் தூணுக்குப் பின்னால் நாங்கள் இருவரும் நின்றோம். ஒரு படம் எடுத்து மனைவியிடம் காட்டினேன்.

"இதுல தங்கச்சி எங்க?"

"அந்தச் செவப்புப் புள்ளி."

"இது மாப்பிள்ளையா?"

"அது... குத்துவிளக்குன்னு நெனைக்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு தூணுக்குப் பின்னால் நிற்க முடியவில்லை. நடந்தேன்.

வரிசை வரிசையாக முன்னேறினேன். நடுவில் ஒரு அம்மா பிடித்துக்கொண்டார்.

"தம்பி யாரு, மாப்பிள்ளை வீடா?"

"பொண்ணு வீடுதாங்க... ஒரு மாதிரி."

"வெங்காயம் மணக்குதே. சமையலுக்கு வந்தீங்களா?"

"ஆமாங்க" என்று சொல்லித் தப்பித்தேன்.

மணவறை ஓரத்துக்குப் போய்க் கெமராவைத் தூக்கினால் தங்கச்சி முகம் முழுசாய்த் தெரிந்தது. மாப்பிள்ளையின் கைதான் அடங்கவில்லை. ஓரடி பின்னால் வைத்தேன். யாருடைய காலோ மிதிபட்டது.

திரும்பினால்... மாமா. கையில் அட்சதையோடு.

அவர் தன் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கெமராவைப் பார்த்தார்.

"எடுத்தாச்சா?"

இத்தனை வருடம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"இன்னும் இல்ல மாமா."

"அப்ப ஏன் பின்னால வர்றீங்க? முன்னுக்குப் போங்க. தாலி கட்டப் போறாங்க."

முதுகில் கை வைத்துத் தள்ளியே விட்டார். கெட்டிமேளம் கொட்டியது. எடுத்தேன். மஞ்சள் கயிறு, மாப்பிள்ளையின் விரல்கள், தங்கச்சியின் இமையில் ஒட்டிய ஒரு அரிசி... எல்லாம் படத்தில் விழுந்தது.

மாமா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அவ எங்க?"

"கடைசித் தூண் பக்கத்துல மாமா."

"கூட்டிக்கிட்டு வாங்க. அக்காக்காரி இல்லாம தங்கச்சிக்கு என்ன போட்டோ?"

ஓடினேன். வழியில் ஒரு நாற்காலியைச் சாய்த்ததுகூடத் தெரியவில்லை.

மனைவி வந்து தலை குனிந்து நின்றாள். மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா இப்படி மெலிஞ்சி போயிட்ட? இவரு சாப்பாடு போடுறது இல்லையா?"

அவள் அப்போதும் மெலிந்தவள் இல்லை. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"இங்க குடுங்க, உங்க ரெண்டு பேரையும் நான் எடுக்கிறேன். இத எப்படி இழுக்கிறது?" என்றார் மாமா.

"இழுக்க ஏலாது மாமா. நீங்கதான் கிட்ட வரணும்."

வந்தார். அவர் எடுத்த படத்தில் என் தலை புருவத்துக்கு மேல் இல்லை. மனைவியின் முகம் மட்டும் பூரணச் சந்திரன் மாதிரி.

மாமா இப்போது இல்லை. கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தார், என் கையால் போட்ட தேத்தண்ணியைக் குறை சொல்லிக்கொண்டே. அந்த நாட்களுக்காக நாவுலக் கூட்டாளிக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. அவன் நல்ல கெமரா தந்திருந்தால் நான் தூணை விட்டு அசைந்திருக்கவே மாட்டேன்.

இப்போது என் போனில் பெரிய ஸூம் இருக்கிறது. போன மாதம் மகளின் பள்ளிக்கூட டான்ஸை, கடைசி வரிசையில் சொகுசாக உட்கார்ந்து எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா நீங்க வரல்ல?"

"வந்தேனேடா! இந்தா பாரு, ஒன் கம்மல்கூடத் தெளிவா விழுந்திருக்கு."

படத்தைப் பார்த்தாள்.

"நான் நல்லாத்தான் தெரியிறேன். மேடையில இருந்து பார்த்தப்ப நீங்கதான் எனக்குத் தெரியல்ல."

ஆகவே மாத்தளைப் பக்கம் பிள்ளைகள் உள்ள நண்பர்களே... அடுத்த விழாவில் முன்னால் ஒரு மண்டை எழும்பி நின்று உங்களுக்கு மறைத்தால், கொஞ்சம் மெதுவாகத் திட்டுங்கள். அது அநேகமாக நான்தான்.