நல் என்றால் இல்லை அல்ல

“லயத்துப் புள்ளைக்கு கம்பியூட்டர் என்னத்துக்கு? ரெண்டு மாசத்துல ஓடிருவா” என்றார் பெரிய கிளாக்கர், நான் ஹட்டன் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் சேர்ந்த அன்று. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வாழ்ந்த எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஓடவில்லை.

எங்கள் தோட்டங்களின் தொழிலாளர் விவரமெல்லாம் அப்போது கம்பியூட்டரில் ஏறியிருந்தது. டிக்கோயாவில் கண் சிகிச்சை முகாம் வரப்போகிறது, வயதானவர்களின் பட்டியல் எடு, இந்தியக் குடியுரிமை பெற்று இந்தியாவுக்குப் போகிறவர்கள் வேண்டாம் என்று உத்தரவு. ‘பிரஜாவுரிமை இந்தியாவுக்குச் சமமல்ல’ என்று கண்டிஷன் போட்டு, பட்டியல் கேட்கும் கியூரியை ஓட்டினேன். வந்த தாளில் அம்மாவின் பெயர் இல்லை. கொழுந்தும் முற்றிய இலையும் பிரித்துத் தெரியாமல் தினமும் கங்காணியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த அம்மா.

அம்மா இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப்போட்டிருந்தார். பதில் வரவில்லை. அதனால் அவருடைய கட்டம் காலி. எங்கள் தொழிலில் அதற்கு ‘நல்’ என்று பெயர். நல்லை எதனோடு ஒப்பிட்டாலும் கம்பியூட்டர் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. தெரியாது என்று ஒதுக்கிவிடும். பதிலுக்குக் காத்திருந்த அத்தனை பேரும் அப்படித்தான் விடுபட்டிருந்தார்கள்.

“வெறும் எடத்துலயெல்லாம் இலங்கைன்னு அடிச்சு விடேன். யாரு பாக்கப் போறா?” என்றார் கிளாக்கர், அம்மா விடுபட்டதை நான் சொன்னபோது.

“அது பொய்யாயிருமுங்க ஐயா. நாளைக்கு பதில் வராதவங்க யாருன்னு கேட்டா என்னத்தக் காட்டுறது?”

“அப்ப ஆத்தாவ வுட்டுரு.”

“ரெண்டும் வேணாமுங்க.”

மேனுவலைப் புரட்டினேன். என்.வி.எல் என்றொரு கட்டளை. கட்டம் காலியானால், ஒப்பிடும் நேரத்துக்கு மட்டும் நாம் கொடுக்கும் சொல்லை வைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பதைத் தொடாது. பதில் நிலுவை என்ற பொருளில் ‘பெண்டிங்’ என்று கொடுத்தேன். பெண்டிங் இந்தியா அல்லவே, எல்லோரும் வந்துவிட்டார்கள். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாமலே ஆளை வரிசையில் நிறுத்தும் இந்தக் கட்டளையை யோசித்தவர் யாரோ, அவரை மனதுக்குள் கும்பிட்டேன்.

கிளாக்கர் கடைசிப் பெயர்வரை படித்தார். “பெண்டிங்கா? சரியான பேருதான் வச்சிருக்க” என்று கையெழுத்துப் போட்டார்.

“எம்பேரு வந்துருச்சா?” என்று நான் வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டார்.

“வந்துருச்சும்மா. நாடுதான் இன்னும் வரல.”

“அது கெடக்கு. கண்ணு தெரிஞ்சா, வர்றப்ப பாத்துக்கிறேன்.”

காலிக் கட்டத்தைப் பொய்யால் நிரப்பவும் கூடாது, காலி என்று ஆளைத் தள்ளவும் கூடாது. நான் கற்றது இவ்வளவுதான். கொழும்பில் புரோகிராமர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். எனக்கும் பதில் வராததால், விண்ணப்பத்தில் பிரஜாவுரிமை என்ற இடத்தில் ‘பெண்டிங்’ என்று எழுதி, நேற்று தபாலில் சேர்த்துவிட்டேன்.