நன்றாகக் கேட்கிறது

உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு மைக் ஒன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிச் சுவரில், சுருட்டை வயரோடு ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே மருத்துவச்சியாக இருந்தேன். ஸ்பிரிங்வெளிக்கு மேலே, மழை பிடித்தால் ரோடும் போனும் சேர்ந்தே அற்றுப்போகும் மலை. அந்த மைக்கைக் கொண்டுவந்து மாட்டிய முஸ்லிம் அண்ணனை எல்லாரும் 'வயர்லஸ் நானா' என்போம். பதுளை கடைவீதியில் சின்னக் கடை. பட்டாள முகாமின் வயர்லஸ் செட்டுகளையும், அரசாங்க அலுவலகமான கச்சேரியின் செட்டுகளையும் திருத்தும் கொந்தராத்து வேலை அவருடையது. முகாமில் செட்டுகள் குவிந்துகிடந்தன, திருத்தத்தான் ஆளில்லை. மண் சரிந்தால் ஆளும் லொறியும் ஜாக்கியும் முகாமிலிருந்துதான் வரவேண்டும் என்பதால், கச்சேரி செலவில் எங்கள் டிஸ்பென்சரியை முகாமோடு இணைத்துக் கொடுத்தார்.

மாதாமாதம் வந்து செட்டைச் சோதிப்பார். மற்றவர்களைப்போல ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணமாட்டார். "மண் சரிஞ்சிட்டுது, லயத்துல ஆள் மாட்டிக்கிட்டாங்க, லொறி அனுப்புங்க" என்று சிங்களத்தில் முழுசாகச் சொல்வார். நல்ல நாளும் அதுவுமாக இதென்ன பேச்சு என்று நான் கடிந்துகொள்வேன். "ஒன்னு ரெண்டு எண்டு செல்லிப் பாத்தா மெசின் வேல செய்யிதா எண்டுதான் தெரியும் மிஸ்ஸி. மனிசன் வேல செய்யிறானா எண்டு தெரியாதே" என்பார். முகாமில் செட்டருகே இருக்கும் இளம் சிப்பாய், "ஹொந்தட்ட எஹெனவா நானா" என்பான். நன்றாகக் கேட்கிறது என்று அர்த்தம். பேட்டரி வீணாகாமல் இருக்க, சோதனை முடிந்ததும் அந்தப் பக்கம் செட்டை மறுநாள்வரை அணைத்துவிடுவார்கள். அதுவும் நானா சொல்லிக்கொடுத்த சிக்கனம்தான்.

அன்றும் சோதிக்கத்தான் வந்திருந்தார். விடாத மழை. நான் கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள், கீழே பணிய லயத்து வீட்டு வரிசையின் பின்பக்கத்து மண்மேடு அப்படியே இறங்கி, கடைசிக் காம்பராக்களை மூடிவிட்டது. நானா பாய்ந்து மைக்கை எடுத்தார். பதற்றத்தில் அவர் வாயில் வந்தது, பழகிப்போன அதே வாக்கியம்தான். ஒரு சொல் மாறவில்லை. பதிலும் மாறவில்லை. "ஹொந்தட்ட எஹெனவா நானா." சிரித்தபடி சொன்ன குரல். உடனே இரைச்சல் அடங்கியது. அணைத்துவிட்டான்.

நானாவின் முகத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவே துணியவில்லை. பேட்டரி சாகும்வரை கத்தினார். முகாமுக்குச் சொல்ல ஓடிப்போனவனை ஆற்று வெள்ளம் பாலத்தைத் தாண்டவிடவில்லை. சனமெல்லாம் மண்வெட்டியால் தோண்டி, உத்தரத்துக்கடியில் கிடந்த ஒருத்தியின் முகத்தை மட்டும் வெளியே கொண்டுவந்தார்கள். முந்தின மாதம்தான் நான் அவளுக்குப் பிரசவம் பார்த்திருந்தேன். ஜாக்கி இல்லாமல் உத்தரம் அசையவில்லை. "லொறி வந்துருச்சா மிஸ்ஸி?" என்று கேட்டாள். "வருதும்மா" என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டாள். பொழுது சாயக் கேட்பதை நிறுத்திவிட்டாள். பிள்ளை அவள் தங்கச்சி மடியில் பாலுக்கு அழுதுகொண்டிருந்தது.

வெள்ளம் வடிந்து ஆள் போய்ச் சொன்ன பிறகு, மறுநாள் லொறி வந்தது. அந்தச் சிப்பாயும் வந்திருந்தான். மீசைகூட முளைக்காத பையன். வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களைப் பார்த்துவிட்டு, நானாவின் காலருகே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் துடித்தது. நானா அவன் தலையில் கைவைத்து, "நீ செஞ்சது சரி மகன். நான் பழக்கினதத்தான் நீ செஞ்ச" என்று சிங்களத்தில் சொன்னார். அதைக் கேட்டபோது, அவன் மேல் இருந்த ஆத்திரம்கூட என்னிடம் மிஞ்சவில்லை. யாரை நோவது?

நானா கொந்தராத்தை விட்டுவிட்டார். வேறொருவர் வந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுப் போனார். அதன் பிறகு பதுளையில் நான் கண்டபோதெல்லாம் நானா வீட்டு ரேடியோக்களைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். கடைக்குள் போகும் தைரியம் எனக்கு வரவில்லை. அவர் மௌத்தான செய்தியும் அடக்கம் முடிந்த பிறகுதான் கிடைத்தது.

இப்போது ஆளுக்கொரு போன். கொழும்பிலிருந்து மகன் எடுத்து, "அம்மா, கேக்குதா?" என்பான். கேட்கிறது என்று என் வாயில் வராது. "என்னாச்சு?" என்றுதான் கேட்பேன். "ஒன்னுமில்லம்மா, சும்மாதான் எடுத்தேன்" என்று சிரிப்பான். அவன் போனை வைத்த பிறகும் நான் வைக்கமாட்டேன். அந்த ஆணியில் தொங்கிய கறுப்பு மைக்கைப்போல அதுவும் பேச்சற்று என் கையில் கிடக்கும்.