நர்ஸ் அண்ணியான கதை

ஆரணியில் அரிசி மில்லுக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளுக்கு நான் முதன்முதலாகப் போனது ஓர் ஆடி மாதப் புதன்கிழமை. எதையும் நாள் கிழமையோடு நினைவு வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. எங்கள் தெருவில் குடியிருக்கும் நர்ஸ்தான் அழைத்துப் போனார். பீகாரிலிருந்து மூட்டை தூக்க வந்தவர்கள் அங்கே இருந்தார்கள், சிலர் மனைவியோடு. ஆணுறை பற்றியும் உடலுறவால் பரவும் தொற்று பற்றியும் அவர்களிடம் பேச வேண்டியிருந்தது. நர்ஸுக்கு இந்தி தெரியாது. எனக்குத் தெரிந்தது பள்ளி நாளில் பரீட்சை எழுதித் தேறிய இந்தி. அதில் நிறைய நாவல்கள் படித்திருக்கிறேன். இந்த மாதிரி விஷயத்தை அதில் ஒரு வரிகூடப் பேசியதில்லை.

நர்ஸ் கூச்சப்படுகிறவர் இல்லை. ஆண்களை உட்கார வைத்து, ஒவ்வொருவரையும் தம்பி என்று கூப்பிட்டு, என்னை உங்கள் கூடப்பிறந்த அக்காவாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கினார். நான் அப்படியே இந்தியில் சொன்னேன். எல்லோரும் 'தீதீ' என்று கை கூப்பினார்கள். அதன்பிறகு ஒருவரும் நிமிரவில்லை. ஆணுறைப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டியபோது இரண்டு பேர் எழுந்து குழாயடிக்குப் போய்விட்டார்கள்.

திரும்பும் வழியில் நர்ஸ் அலுத்துக்கொண்டார். "நான் பாட்டுக்கு பேசிகினே இருக்கேன், அவனுங்க பாட்டுக்கு தரையப் பாத்துகினு இருக்கானுங்க. சுத்த பேஜார்."

அவருடைய கவலை முக்கியமாக ஒரு பெண்ணைப் பற்றியது. கடைசி வீட்டில் இருந்தாள். கல்யாணமாகி ஆரணிக்கு வந்து இரண்டு வருடம். வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியுமாகச் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். மாத்திரை சாப்பிட்டதும் சரியாகும், பிறகு மறுபடியும் வரும். கணவனும் சேர்ந்து சாப்பிடாதவரை தீராது, இப்படியே விட்டால் கருப்பைக்குப் பரவிக் குழந்தை தங்குவதே கஷ்டமாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவனோ இந்த ஊர்த் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றான். ஊரிலிருந்து மாமியார் போனில் கூப்பிட்டு, பிள்ளை பெறாதவளைத் திருப்பி அனுப்பிவிடு என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். அவனுடைய மாத்திரை பிரிக்காமல் அலமாரியிலேயே கிடந்தது.

அடுத்த முறை நாங்கள் போனபோது அவள் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய தமிழ் எங்கள் ஆரணித் தமிழ்தான், கொஞ்சம் உடைந்தது.

"நர்ஸம்மா அவர தம்பின்னு கூப்புடுறாங்கோ. அக்கா முன்னாடி தம்பி எப்டி இத பேசும்? அது பாவம். பாபின்னு சொல்லுங்கோ. பாபின்னா எல்லாம் பேசலாம்."

பாபி என்றால் அண்ணி. அவர்கள் ஊரில் அக்கா முன்னால் இந்தப் பேச்சு வாயில் வரவே கூடாது. அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் நடுவே எந்தக் கேலிக்கும் தடையில்லை; முதலிரவுக்கு முன் மாப்பிள்ளைப் பையனுக்குப் புத்தி சொல்கிறவளே அண்ணிதான். எத்தனையோ நாவல்களில் நான் படித்த உறவு அது. அன்று அவள் சொல்லும்வரை எனக்குத் தோன்றவில்லை.

நர்ஸிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "கொழுந்தனா? ஆயிட்டா போச்சி" என்றார்.

கணவன் வேலை முடிந்து, தலையிலும் புருவத்திலும் உமித்தூசியோடு வந்தான். எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று 'தீதீ' என்று கும்பிட்டான்.

"தீதீயெல்லாம் கெடையாது," என்றார் நர்ஸ். "இன்னியிலேருந்து நான் ஒனக்கு பாபி. இன்னா கொழுந்தனாரே, பொண்டாட்டிக்கு மட்டும் மாத்திரயக் குடுத்துட்டு நீ டீ குடிச்சிகினு சுத்துறியா?"

நான் இந்தியில் சொன்னேன். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் இந்தப் பேச்சில் தலை நிமிர்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு அவனாகவே மெதுவாகப் பேசினான். மாத்திரை சாப்பிட்டால், தான் எங்கோ தப்பு செய்ததாக ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்று பயந்திருக்கிறான். நர்ஸ் அவனிடம் எங்கே, எப்போது என்று கேட்கவில்லை. வந்தது யாரிடமிருந்து என்பது மாத்திரைக்குத் தெரியாது, ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டால் ரெண்டு பேருக்கும் போய்விடும், அதுவரை சேர வேண்டாம், முடியாவிட்டால் உறை போட்டுக்கொள் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "உங்க அண்ணனே நான் குடுத்தா மறுபேச்சு இல்லாம முழுங்குவாரு, தெரியுமா?" என்றார்.

உங்கள் அண்ணன் என்றது அவருடைய கணவரை. தறியில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதருக்கு, தமக்கு ஒரு தம்பி கிடைத்த விஷயம் அப்போது தெரியாது.

அலமாரியிலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். அவன் எங்கள் எதிரிலேயே முதல் வேளையை விழுங்கினான். டம்ளரை வாங்கிக்கொண்டு அவனுக்குப் பின்னால் நின்றவள், எங்களுக்குத் தெரியாது என்று நினைத்து, அவன் முதுகில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டாள்.

புரட்டாசியில் அவளுக்கு மறுபடியும் பரிசோதனை செய்தார்கள். தொற்று இல்லை. அன்று சாயங்காலம் நர்ஸ் என் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் இதைச் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் மாமியார் போன் செய்தால் பேசுவது அவன்தானாம். கோளாறு தனக்கும் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது, அவளைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்று தாயிடம் சொல்லிவிட்டானாம். குழந்தை இன்னும் இல்லை. அவள் ஆரணியில்தான் இருக்கிறாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் நாங்கள் அந்தப் பக்கம் போனோம். முன்பு குழாயடிக்கு எழுந்து போனவர்களில் ஒருவனைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு அவள் கணவன் வந்தான். கூட வந்தவன் தயங்கித் தயங்கி, தீதீ என்று ஆரம்பித்தான்.

கணவன் தன் நண்பனின் முதுகில் ஒரு தட்டு தட்டி, தமிழிலேயே சொன்னான்: "தீதீ இல்லடா. பாபி. இப்போ கேளு."