உப்பறைச் சுவரை நக்கிய காளை

கடுகண்ணாவைக் கணவாயின் அடியில் கடை வைத்திருந்த ஸெய்னுலாப்தீன் எதையும் ஒழுங்காகச் செய்கிற மனிதர். வெங்காயச் சாக்கின் வாயைக் கட்டினால் முடிச்சு வலப்பக்கம்தான் இருக்கும். தராசுத் தட்டைத் துடைக்காமல் எவருக்கும் நிறுத்துக் கொடுக்கமாட்டார். கோப்பி மூட்டை ஏற்றிக் கொழும்புக்கு மாட்டுவண்டி விட்ட காலத்திலும் அப்படித்தான். கண்டிக்கு ரயில் கோச்சி வந்து வண்டிக்காரர் பிழைப்பில் மண் விழுந்தபோது மற்றவர்கள் கோச்சியை ஏசிக்கொண்டு நின்றார்கள். அவரோ வண்டிகளைக் கழுவி, அச்சுக்கு எண்ணெய் போட்டு, புத்தம் புதியவைபோல் விற்றுவிட்டுக் கடை போட்டார்.

இந்த ஒழுங்கு ஓரிடத்தில் மட்டும் வழுக்கும். வீட்டைப் பற்றிப் பேச்சு வரவேண்டும், அவ்வளவுதான்.

"எங்கட ஊடு கண்டி ராசாட காலத்து ஊடு. வாப்பா சொன்ன."

வாப்பா அதை எப்போது சொன்னார் என்று யாராவது கேட்டுவிட்டால் கடையில் திடீரென்று வேலை கூடிவிடும். வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகிப் போனபின் மறுத்துச் சொல்ல ஆளில்லாமல், அந்த வீடு ஆண்டுக்கு ஆண்டு கிழடாகிக்கொண்டே போனது.

அவருடைய தங்கை றலியாவைப் பெண்கேட்டு மாட்டு வியாபாரி ஹுஸைன் வந்தார். மாப்பிள்ளை அவருடைய மகன் முனாப். கடைக்கு வரும்போதெல்லாம் முனாப் வீட்டுப் பக்கம் திரும்பி ஒருமுறை இருமுவான். உள்ளே வளையல் குலுங்கும். நெஞ்சில் சளி இல்லாதவன் ஏன் இருமுகிறான் என்பது ஸெய்னுலாப்தீனுக்குத் தெரியும். தெரியாததுபோல் சீனி நிறுப்பார். றலியாவுக்கு இந்த இடம் அமைந்துவிட வேண்டும் என்பதே அவருடைய துஆவாக இருந்தது.

ஆனால் ஹுஸைன் வீட்டு வழக்கம் குறுக்கே நின்றது.

"தம்பி, எங்கட ஆக்கள் பொதிமாட்டுத் தவளம் ஓட்டி ராசாவுக்கு உப்புக் கொண்டுவந்த ஆக்கள். எங்கட ஊட்டுக்கு வார பொண்ணு ராசா காலத்து ஊட்டுல ஈந்துதான் வாரோணும். உங்கட ஊடு அப்பிடியா?"

"சந்தேகமா நானா? ராசா காலத்து ஊடுதான்." ஹுஸைனை அவர் அண்ணன் முறைக்கு 'நானா' என்றே அழைப்பார்.

ஹுஸைன் வாசலைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "வாசல் ரோட்டப் பாத்து ஈக்கி. இந்த ரோட்ட வெள்ளைக்காரன்தானே போட்ட?"

"ஊடுதான் முந்தி நானா. ரோட்டு எங்கட வாசலத் தேடி வந்த."

ஹுஸைன் சிரிக்கவில்லை. வியாபாரத்தில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வயதை நம்பாதவர் அவர். "உள் அறைக்கு உப்பறை எண்டு பேர் சொல்றீங்களே. தவளக் காலத்துல புத்தளத்து உப்ப அப்பிடி அறையிலதான் குவிச்ச. மாட்டுக் கரத்தை ரோட்டு வந்த பொறகு யாரு ஊட்டுல உப்புக் குவிச்ச? உப்புப் பட்ட செவர் சாகும்வரைக்கும் உப்புத்தான். மனிசன் பொய் சொல்லுவான், மாடு சொல்லாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய என்ட காளையக் கொண்டுவாரேன். அது நக்கட்டும், கலியாணத்தப் பேசுவோம்."

ஸெய்னுலாப்தீன் இரண்டு நாள் யோசித்தார். வாப்பா பொய் சொல்லியிருக்கமாட்டார். சுவரில் உப்பு இருக்கத்தான் செய்யும். இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க மாட்டுக்கு ஒரு சின்ன உதவி செய்தால் பாவமில்லை என்று தமக்குத் தாமே ஃபத்வாக் கொடுத்துக்கொண்டார்.

வியாழன் பின்னேரம் றலியா ஓடைக்குப் போன நேரம் பார்த்து உப்பைக் கரைத்தார். மணல் இல்லாமல் துணியில் வடித்தார். தும்புக் கட்டையால் இடப்பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரே சீராகப் பூசினார். காய்ந்ததும் கோடு தெரிந்தது. கோடு தெரிந்தால் வேலைக்கு அவமானமல்லவா? மறுபடி ஒரு பூச்சு. அது மற்றதைவிட வெளுப்பாகத் தெரியவே சமப்படுத்த இன்னொன்று.

வெள்ளிக்கிழமை ஹுஸைன் சொன்னபடியே காளையோடு வந்தார். பின்னால் முனாப், இருமலை மறந்து வெளிறிப்போய் நின்றான். காளை கதவு நிலைக்குக் கொம்பைச் சாய்த்து, மாப்பிள்ளை வீட்டாருக்கே உரிய நிதானத்தோடு உள்ளே போய் இடப்பக்கச் சுவரை முகர்ந்தது. ஒரு நக்கு நக்கியது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் ஸெய்னுலாப்தீன், கொஞ்சம் அவசரமாகவே.

"மாடு சாட்சி சொல்லிட்டுது" என்று ஹுஸைனும் முகம் மலர்ந்தார். அத்தோடு காளையைத் திருப்பிக் கொண்டுபோயிருந்தால் எல்லாம் நலமாக முடிந்திருக்கும். காளை திரும்பவில்லை. இடப்பக்கத்தை நக்கித் தீர்த்துவிட்டு வலப்பக்கம் போனது. அங்கே இன்னும் ஆவலாக நக்கியது. வலப்பக்கத்தில் ஸெய்னுலாப்தீன் கையே வைக்கவில்லை. கதவுச் சீலையைப் பார்த்தார். சீலை ஓரத்தில் தெரிந்த றலியாவின் ஒற்றைக் கண், தன்னைக் கண்டதும் சட்டென்று மறைந்ததைக் கண்டார். ஜும்ஆவுக்கு அவர் பள்ளிக்குப் போன நேரத்தில் அவளும் மாட்டுக்குத் தன் பங்கு உதவியைச் செய்திருந்தாள். அவளிடம் வடிகட்டுகிற பொறுமை ஏது? ஈர உப்பைக் கைகையாக அள்ளித் தேய்த்திருந்தாள்.

"போதும், இழுங்க நானா!"

ஹுஸைன் இழுத்தார், முனாப் தள்ளினான். உப்புருசி கண்ட காளை முன்னங்காலை ஊன்றிக் கொம்பால் சுவரை ஒரு குத்துக் குத்தியது. பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. வரிச்சுக் கம்பு முறிந்து, உள்மண் ஒரு கூடையளவு தரையில் கொட்டியது. ஹுஸைன் குனிந்து ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் பிட்டார். மண்ணோடு குழைத்திருந்தது நெல் உமி அல்ல. கோப்பித் தொலி.

"தம்பி, இது கோப்பியில்லையா?"

"ராசா காலத்திலயும் கோப்பி ஈந்திச்சே நானா" என்றார் ஸெய்னுலாப்தீன், மெல்லிய குரலில்.

"ஈந்திச்சு. பன்சலையில புத்தருக்குப் பூ வைக்கிறதுக்கு நாலு மரம். செவருக்குக் குழைக்க இவ்வளவு தொலி எங்கால? தோட்டங்கள் வந்து, ஊரெல்லாம் கோப்பி குத்தின காலத்துச் செவர் இது. உங்கட வாப்பாவே கட்டியிருப்பாரு." காளையின் கயிற்றைச் சுருட்டினார். "முனாப், வா போவம்."

முனாப் அசையவில்லை. தன் மூன்று பூச்சுத்தான் தங்கையின் வாழ்வைக் கெடுத்ததோ என்று நினைத்தபடி ஸெய்னுலாப்தீன் உதிர்ந்த மண்ணை ஒழுங்காகக் குவித்தார். அப்போது சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாமா, போகக்கொள செவரையும் கட்டித் தந்திட்டுப் போங்க."

"என்ன மகள்?"

"ஆர்ட மாடு அழிச்ச? ஊர் வழக்கம் தெரியாதா? மாடு தோட்டத்துல பூந்தா வேலியக் கட்டுற மாட்டுக்காரர்தானே? இது தானாப் பூந்த மாடுமில்ல, நீங்களே கைபுடிச்சுக் கூட்டி வந்த. ஓட்டையால தெருவே தெரியுது. குமர்ப் பொண்ணு ஈக்கிற ஊடு."

வழக்கத்தை நிறுக்க வந்தவர் வழக்கத்திலேயே மாட்டிக்கொண்டார். சுருட்டிய கயிற்றை ஹுஸைன் மறுபடி அவிழ்த்தார். காளை சந்தடிசாக்கில் மறுபடியும் நக்கியது.

"நான் கட்டுறேன் வாப்பா" என்றான் முனாப். பெண்வீட்டில் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மறுநாள் காலையிலேயே மண் மிதிக்க வந்துவிட்டான். மிதித்தான், மிதித்தான், மழை தொடங்கும்வரை மிதித்தான். ஒரு முழச் சுவருக்கு அவ்வளவு நாள் எடுத்த கொத்தனை கண்டிச் சீமை கண்டதில்லை. உள்ளிருந்து கோப்பி கொடுக்கும் கை வரவரத் துணிந்து வெளியே நீண்டது. ஊர் முணுமுணுக்கத் தொடங்கியதும் ஹுஸைனே பள்ளி லெப்பையைக் கூட்டிக்கொண்டு வந்து, "வழக்கம் கிடக்கட்டும், நிக்காஹ்வ முடிப்பம். இவன் அங்கினயே சமாதியாகிடுவான்" என்றார்.

ஸெய்னுலாப்தீன் அதன்பிறகும் நெடுங்காலம் அந்தக் கடையில் இருந்தார். சாக்கு முடிச்சு வலப்பக்கமே இருந்தது. வீடு எப்போது கட்டியது என்று கேட்பவர்களிடம் மட்டும், தராசுத் தட்டைத் துடைத்தபடி, மிகுந்த கவனத்தோடு சொல்வார்:

"எந்தச் செவரக் கேக்கிறீங்க?"