தீப்பட்ட கூரையும் காமாட்சியும்

கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது நியூ டவுனிலிருந்து காமாட்சியின் மகள் அழைத்தாள். "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி" என்றவள், பிறகு வங்காளத்தில் ஏதேதோ சொல்லி அழுதாள். இந்த வங்காள ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், அழுகை வங்காளத்தில்தான் வரும். காமாட்சி இருந்திருந்தால் இதற்கும் மகளைக் கிண்டல் செய்திருப்பாள்.

எங்கள் உலோகச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அவளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சூடு பட்டால் எஃகின் வலு என்ன ஆகும், எவ்வளவு சீக்கிரம் தேயும் என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. ஒரே மேசைக்கு இரண்டு பக்கமும் நாங்கள்.

ஒரு வருஷம் டாலிகஞ்ச் பக்கம் ஒரு சந்தையில் தீப்பிடித்தது. துர்கா பூஜைக்குள் கடைகளைத் திறந்தாக வேண்டும். துணிக்காரர்களுக்கு அந்தச் சில வாரங்கள்தான் வருஷத்துச் சோறு. கூரை தாங்கும் என்று நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். போய்ப் பார்த்தால், புகையேறிய சட்டமெல்லாம் பளபளவென்று வெள்ளிப் பெயின்ட்! சோதிக்க வருகிறவர்களுக்கு மரியாதையாம். எது எவ்வளவு சூடானது என்று காட்டும் அடையாளமெல்லாம் அதற்கடியில் மறைந்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. காமாட்சியோ சிரித்தாள்.

"பொண்ணு பாக்க வந்திருக்கோம்டி. அலங்காரம் பண்ணாம இருப்பாங்களா?"

சுரண்டிச் சுரண்டிச் சோதித்தோம். உத்தரங்கள் தப்பிவிட்டன. அந்தச் சாதாரண எஃகு சூட்டில் தளர்ந்தாலும், ஆறியதும் பெரும்பாலும் பழைய வலுவுக்கு வந்துவிடும். அவற்றை இணைத்த போல்ட்டுகள் வேறு ரகம். காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி அளவாகச் சூடாக்கிப் பதமேற்றியவை. தீயில் அந்தப் பதம் போனால் போனதுதான், ஆறினாலும் திரும்பாது. பார்வைக்கு ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் பல போல்ட்டுகள் வலுவிழந்திருந்தன.

அவற்றை மாற்றாமல் கடைகளைத் திறக்கக் கூடாது என்று காமாட்சி சொல்லிவிட்டாள். பூஜைக்குள் அது நடக்காது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு துணிக்கடைக்காரர், "அக்கா, பாக்க நல்லாத்தானே இருக்கு?" என்று வங்காளத்தில் கேட்டு அழுதேவிட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன். இவள் அவர் பக்கத்தில் ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அவர் திட்டினார், கேட்டுக்கொண்டாள். டீ வந்தது, குடித்தாள். கடைசியில் இருவரும் அவர் மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் அவர்கள் நடைபாதையில் தார்ப்பாய் கட்டித்தான் விற்றார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவரையும் விடாமல் இழுத்துப்போய் அங்கேயே துணி வாங்க வைத்தாள்.

அன்று திரும்பும்போது, அவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்ததற்காக மெட்ரோவில் அவளைக் கடிந்துகொண்டேன். "கூடாதுன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போறது சுலபம்டி. சொன்ன இடத்துல கொஞ்ச நேரம் உக்காரணும்" என்றாள்.

போன மாதம் மருத்துவமனையில், டாக்டர் நின்றபடியே இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். காமாட்சி என்னைப் பார்த்தாள்.

"நீ பொய் சொல்லாத. நான் வீட்டுக்குப் போவேனா?"

"இல்லடி" என்றேன்.

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவளோடு இத்தனை காலம் பழகியதில் என்னிடம் ஒட்டிக்கொண்டது அந்த உட்காரும் பழக்கம் ஒன்றுதான், அது என்னை விடவில்லை. நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே, கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.